திட்டு

மலையிடுக்கு எங்கள் ஆற்றுக்கு இல்லை.
மதனத்தூர்ப் பாலத்துக்குக் கீழே
மணல் அள்ளிய எந்திரம் விட்டுப்போன
இரண்டாள் உயரச் சுவர் ஒன்று உண்டு.
அதன் நிழலில் படுக்கலாம் என்றேன்.
தில்ஷாத் ஒரு விரலால் தொட்டாள்.
ஒரு குடம் மணல் உதிர்ந்தது,
கூடவே ஒற்றைச் செருப்பு,
எந்த வருடத்து வெள்ளமோ,
வார் அறுந்து.

ஆகவே திட்டுக்கு நடந்தோம்
முழங்கால் தண்ணீரில், சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு.
தலையில் தார்ப்பாய், அரிசி, சட்டி,
ஒரு மண்வெட்டி.
வீட்டில் சொன்னது: திருச்சியில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு.

ஆய்வகத்தில் எங்களுக்கு
இந்த ஆறு ஒரு லிட்டர் பாட்டிலில் வரும்.
மூடியில் தேதி, வயிற்றில் எண்.
கலங்கல் இவ்வளவு, குளோரைடு இவ்வளவு,
கீழே அவள் கையெழுத்து, அதற்கும் கீழே என்னுடையது.
ஒன்பது வருடம்.
ஒருநாளும் கால் நனைந்ததில்லை.

நாணல் ஓரம் கையாலேயே தோண்டினோம்.
முழங்கை ஆழத்தில் ஊறியது
முதலில் சேறு, பிறகு டீ,
பிறகு ஒன்றுமே இல்லாத நிறம்.
தேன்போல இருக்கும், அப்படியே குடி என்றேன்.
"கொதிக்க வெச்சுத்தான்" என்றாள்,
"நம்பர் பாத்தவ நான்."

வெள்ளம் ஒதுக்கிய கருவேல முள்
புகையாமல் எரிந்தது.
சோறு அடிப்பிடித்தது.
கருவாட்டை நேரே தணலில் போட்டோம்.
மணல் கடிபடாத கவளம் ஒன்றுகூட இல்லை,
இருந்தும் சட்டியை வழித்தோம்.

மண்வெட்டியோடு அவள் இருட்டுக்குள் போனபோது
முதுகைக் காட்டி நின்றேன்.
"பேசிக்கிட்டே இரு" என்றாள்.
பேச ஒன்றும் வரவில்லை.
பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன்,
சத்தமாக,
பதினாறு ஒன்பதில் தப்பாக.

டார்ச்சை எதிர்க்கரைக்கு அடித்தால்
தண்ணீர் மட்டத்தில் இரண்டு கண்கள்
சுட்ட செங்கல் நிறத்தில்.
முதலை என்றேன்.
நரி என்றாள்.
நரி மிதக்குமா என்று நான் கேட்கவில்லை.
அவளுக்கும் தெரியும்.

படுக்குமுன் தண்ணீர் விளிம்பில்
ஒரு முளைக்குச்சி அடித்தோம்.
மேலே ஷட்டரைத் தூக்கினால்
இங்கே இரண்டு பேர் கிடப்பது யாருக்குத் தெரியும்?
முறை வைத்து எழுந்து பார்ப்பதாக ஏற்பாடு.
பத்தரைக்கு நான். குச்சி விளிம்பில்தான் இருந்தது.
ஆட்காட்டி ஒன்று எங்களைப் பற்றி
ஆறு முழுக்கப் புகார் சொல்லிக்கொண்டு போனது.
ஒரு மணிக்கு அவள் என்னை உலுக்கினாள்.
சட்டியை எடுத்தேன், செருப்பை மறந்தேன்,
ஓடத் தயாராக நின்றேன்.
குச்சி
தண்ணீரை விட்டு நாலு முழம் தள்ளி நின்றது.
"தண்ணி போகுது" என்றாள்.

இதற்கு நாங்கள் ஏற்பாடு எதுவும் செய்திருக்கவில்லை.

பிறகு தூங்கவில்லை.
குழந்தை பால்புட்டியின் அடியை உறிஞ்சுவதுபோல்
நாலு பக்கமும் ஒரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் சொன்னாள்
மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாக,
ராமநாதபுரத்துக்கு.
"அங்க ஆறு?"
"இருக்காம். தண்ணிதான் வராதாம்."
இருவரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டேன்.

விடிந்தபோது திட்டைக் காணோம்.
கரையிலிருந்து கரைவரை மணல்,
நடுநடுவே குட்டைகள்,
குட்டைகளில் துள்ளும் கெண்டை,
அவசரமே இல்லாத கொக்குகள்.
இரண்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு ஒருவர்
கால் நனையாமல் எங்கள் தீவுக்கு வந்தார்.
தார்ப்பாயைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார்.
"அளக்க வந்தீங்களா?"
"ஆமா" என்றாள் தில்ஷாத்.
"எவ்வளவு?"
"ஒரு ராத்திரிக்கு நாலு முழம்."
அவர் தலையாட்டினார்,
ஏதோ பேரேட்டில் ஏறிவிட்டதுபோல.

குச்சியைப் பிடுங்கக் குனிந்தேன்.
"இருக்கட்டும்மா" என்றார்,
"ஆடு கட்ட ஆகும்."